தொண்டையில் நின்ற மிளகு

பதில் சொல்வதற்கு முன்னால் அவர் ஒருமுறை எச்சில் விழுங்கிக்கொள்வார். அப்புறம்தான், "குழப்பமில்ல சாரே" என்பார்.

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் மேனேஜராகச் சேர்ந்த மசாலா ஏற்றுமதி ஆபீஸில் முதல் நாளே என் காதில் விழுந்த வார்த்தை அது. மாடிப்படித் திருப்பத்தில் என் தோள் இடித்து, அவர் கையிலிருந்த சாயா அவர் புடவையிலேயே கொட்டிவிட்டது. ஆவி பறக்கிற சாயா. நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் புடவையை உதறிக்கொண்டு, "குழப்பமில்ல" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இங்கே யார் குழம்பினார்கள்? நான் போடிக்காரன். எங்கள் ஊரில் குழப்பம் என்றால் மனக்குழப்பம், இல்லாவிட்டால் கல்யாண வீட்டுக் குழப்பம். மலையாளத்தில் 'பரவாயில்லை' என்பதற்குத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று கோடவுனில் மூட்டை அடுக்குகிற ஒருவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். அன்றைக்கே நான் முடிவுகட்டிவிட்டேன். மலையாளம் என்ன பெரிய மலையாளம், தமிழை மூக்கால் பேசினால் மலையாளம், இப்படி நாலு வார்த்தையைத் தெரிந்துகொண்டால் போதும் என்று. அந்த மப்பு எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது.

எல்லோரும் அவரைச் சேச்சி என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவருக்கு நாற்பத்தெட்டு வயது, எனக்கு முப்பத்துநான்கு. வயதைப் பார்த்தால் அக்காதான். ஆனாலும் நான் மேனேஜர் என்பதால் அவருக்கு நான் 'சாரே'. மூன்று தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்து மட்டாஞ்சேரியிலேயே தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். இரண்டும் கலந்து அவர் வாயில் மூன்றாவதாக ஒரு பாஷை வரும். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். எழுதுவதெல்லாம் மலையாளத்தில், முத்து முத்தாக.

யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் போகிற வழியில் எங்கள் கட்டடம். கீழே கோடவுன், மாடியில் ஆபீஸ், ஆபீஸின் கோடியில் சாம்பிள் ரூம். அது சேச்சியின் அறை. வந்து இறங்கும் மிளகு, ஏலக்காய், சுக்கு ஒவ்வொன்றிலும் கைப்பிடி எடுத்து, வெள்ளைத் தட்டில் பரப்பிப் பார்த்து, பாக்கெட்டில் போட்டு, லாட் நம்பர் எழுதி ஒட்டி அலமாரியில் அடுக்குவார். வாங்குகிறவர்கள் எந்த லாட்டைக் கேட்கிறார்களோ அந்தப் பாக்கெட்டைக் கூரியரில் அனுப்புவார். நம்பரை யார் சொன்னாலும் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகுதான் அலமாரிப் பக்கம் திரும்புவார். பத்தொன்பது வருஷமாக அந்த அறையின் சாவி அவர் இடுப்பில் இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு பாக்கெட்கூட மாறிப்போனதில்லை. இதை அவராகச் சொல்ல மாட்டார். மற்றவர்கள் சொல்வார்கள். சொல்லும்போது தலையைக் குனிந்து லேபிளைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருப்பார். அந்த ஒரு நேரத்தில்தான் அவர் தன்னைப் பற்றிச் சந்தோஷப்பட்டுப் பார்த்திருக்கிறேன்.

சாம்பிள் ரூம் ஓடு ஒழுகும். சரியாக அவர் நாற்காலிக்கு மேலே. நான் சேர்வதற்கு முன்னால் இரண்டு மழைக்காலம் அது ஒழுகியிருக்கிறது. அவர் ஒரு வாளியை வைத்துவிட்டு, நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். "சொல்லியிருக்கலாமே சேச்சி?" என்று கேட்டேன். "அவங்களுக்கு ஆயிரம் ஜோலி இருக்கும் சாரே. வெறுதே எதுக்கு?" என்றார். வெறுதே என்றால் சும்மா. இதுவும் நான் கற்றுக்கொண்ட நாலு வார்த்தைகளில் ஒன்று.

வீட்டிலும் இதே கதைதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பம் பெருகப் பெருக, இவர் முன்னறையிலிருந்து பின்னறைக்கும், பின்னறையிலிருந்து சமையலறைக்குப் போகிற நடைக்கும் வந்துவிட்டார். "பிள்ளைங்களுக்குப் படிக்கணுமில்லே. எனக்குக் கிடக்க எத்தர ஸ்தலம் வேணும்? குழப்பமில்ல." இப்படிப்பட்டவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடிக்காமல் என்ன? இவர்களால் நமக்கு ஒரு தொந்தரவும் கிடையாதே.

நான் சேர்ந்து ஆறாவது மாதம். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர், கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"சாரே, ஒரு குருமொளகு தொண்டயில குடுங்கிப் போச்சு. கீழயும் எறங்கல, மேலயும் வரல."

குருமொளகு என்றால் நம் மிளகு. வெறும் மொளகு என்றால் இங்கே மிளகாய். நாள் முழுக்க மிளகுத் தூசியில் உட்கார்ந்திருக்கிறவர், ஒன்று பறந்து வாய்க்குள் போயிருக்கும் என்று நினைத்தோம். தண்ணீர் குடித்துப் பார்த்தார். வாழைப்பழத்தை மெல்லாமல் விழுங்கிப் பார்த்தார். கோடவுன்காரர்கள் சோற்றை உருட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் முதுகில் இரண்டு போட்டார். ஒன்றுக்கும் அசையவில்லை. மறுநாளும் இருந்தது. அடுத்த வாரமும் இருந்தது.

தொண்டை டாக்டரிடம் போனார். குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. எர்ணாகுளத்தில் இன்னொரு டாக்டரிடம் போனார். வயிறு வரைக்கும் குழாய் விட்டுப் பார்த்து அங்கேயும் ஒன்றும் இல்லை என்றார்கள். "எனக்குத் தெரியுது சாரே. இதோ, இங்க. உருண்டையா," என்று கழுத்துக் குழியில் விரலை வைத்துக் காட்டுவார். டிபன் பாக்ஸில் இட்லியும் பொடியும் கொண்டுவந்துகொண்டிருந்தவர் கஞ்சிக்கு மாறினார். கஞ்சியிலும் பருக்கையை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் குடித்தார். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்க ஆரம்பித்தது. எழுதி ஒட்டிய லேபிளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். ஆபீஸ் போன் அடித்தால் கையிலிருக்கிறதைக் கீழே போட்டுவிடுவார்.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஒருநாள் எல்லோரும் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது, "கவலப்படாதீங்க சேச்சி. மிளகு ரேட்டு நல்லா ஏறட்டும், அப்ப வெளிய எடுத்து வித்துருவோம்" என்றேன். ஆபீஸே சிரித்தது. அவரும் கழுத்தைத் தடவிக்கொண்டே சிரித்தார். அன்றிலிருந்து அவருக்குக் 'குருமுளகு சேச்சி' என்று பெயர் நிலைத்துவிட்டது. கூரியர்காரன்கூட, "குருமுளகு சேச்சி உண்டோ?" என்று கேட்டுக்கொண்டுதான் மாடியேறுவான். பெயர் வைத்தவன் நான். அப்போது அது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த மிளகு எங்கிருந்து வந்தது என்று அந்த ஆபீஸில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரியும் என்று எனக்கு நானே ஒத்துக்கொள்ளத்தான் நாளாயிற்று.

தொண்டையில் மிளகு நிற்பதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால், ஒரு பெரிய பார்ட்டி சாம்பிள் கேட்டிருந்தது. நான் வெலிங்டன் தீவில் துறைமுக ஆபீஸ் வாசலில் ஒரு கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். லாட் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருந்தேன். அதை எடுத்துப் பார்க்கச் சோம்பல். போனில் சேச்சியைக் கூப்பிட்டு, நாற்பத்தேழை அனுப்பச் சொன்னேன்.

"நாப்பத்தேழு. நாலு, ஏழு. நாப்பத்தேழுதானே சாரே?"

"ஆமா ஆமா, நாப்பத்தேழுதான். சீக்கிரம்."

அனுப்பிவிட்டார். நாற்பத்தேழு தூசியும் பதருமாகத் தனியாக எடுத்து வைத்திருந்த லாட். ஒரு வாரத்தில் ஆர்டர் ரத்தானது. முதலாளி போனில் வந்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார். ஆபீஸே நின்றுகொண்டிருந்தது. மலையாளத்தில் கத்தினார். அனுப்ப வேண்டியது எழுபத்துநான்கு, நாற்பத்தேழு எப்படிப் போனது, சாம்பிள் எடுத்தது யார்?

எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மனைவியையும் மகளையும் அப்போதுதான் போடியிலிருந்து கூட்டிவந்து மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தேன். இதையெல்லாம் சமாதானமாகச் சொல்லவில்லை. அந்த அரை நிமிஷத்தில் என் தலைக்குள் ஓடியதைச் சொல்கிறேன். வாய் தானாகத் திறந்தது.

"சேச்சிக்கு நம்பர் கேட்டதுல ஒரு குழப்பம் ஆயிடுச்சு சார்."

"பத்தொம்பது கொல்லமாயிட்டு இல்லாத்த குழப்பம் இப்போ எவிடந்நு வந்நு?" என்றார் முதலாளி. பத்தொன்பது வருஷமாக இல்லாத குழப்பம் இப்போது எங்கிருந்து வந்தது? அதுதான் சரியான கேள்வி. அவரே முடிவு சொன்னார். இனி சாம்பிள் ரூம் சாவி மேனேஜரிடம் இருக்கட்டும், அவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு பாக்கெட்டும் வெளியே போகக்கூடாது.

சேச்சி இடுப்பிலிருந்து சாவியை எடுக்கச் சிரமப்பட்டார். வளையம் புடவையில் சிக்கிக்கொண்டது. எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டு, எச்சில் விழுங்கி, "குழப்பமில்ல சாரே" என்றார்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு என் மேஜைக்கு வந்தார்.

"சாரே, போன்ல நாப்பத்தேழுன்னுதானே பறஞ்சது? நான் ரெண்டு ப்ராவசியம் கேட்டேனே?"

சீட்டு இன்னும் பர்ஸில்தான் இருந்தது. முதலாளி போனை வைத்ததுமே எடுத்துப் பார்த்திருந்தேன். என் கையெழுத்தில் எழுபத்துநான்கு. எழுதியது சரி, சொன்னது தப்பு.

"எழுபத்திநாலுன்னுதான் சொன்னேன் சேச்சி. அங்க ஒரே காத்து, லாரிச் சத்தம். உங்களுக்குச் சரியா கேட்டிருக்காது. விடுங்க, யாருக்கும் வர்றதுதான்."

மிக இதமாகச் சொன்னேன். திட்டியிருந்தால்கூட அவருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அவர் தன் வலது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆயிருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு சாயாக்கடையில் நின்றேன். குடித்துவிட்டு அந்தச் சீட்டைக் கசக்கி, காலி பேப்பர் கிளாஸோடு எச்சில் டிரம்மில் போட்டேன்.

சம்பளம் குறையவில்லை. வேலை போகவில்லை. சாவி இடம் மாறியது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். சாவியே இல்லாமல் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள்! எனக்கு அது கடுகளவு. அவருக்கு எவ்வளவு என்று நான் கேட்கவே இல்லை. எது பெரிய கஷ்டம், எது சின்னக் கஷ்டம் என்று அதைச் சுமக்காதவன்தான் சுலபமாகச் சொல்லிவிடுகிறான். அவர் எத்தனையோ வருஷமாக எல்லாவற்றையும் விழுங்கிப் பழகியவர். ஒழுகுகிற ஓட்டை, தம்பி குடும்பத்தை, என் சூடான சாயாவை. இது ஒன்றுதான் விழுங்க முடியாமல் நின்றுவிட்டது.

தொண்டையில் மிளகு நின்று நாலு மாதம் கழித்து, ஒருநாள் மத்தியானம் ஆபீஸ் போன் அடித்தது. கஞ்சித்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறி, மூச்சு முட்டி, கண் பிதுங்கிவிட்டது. ஆட்டோவில் ஏற்றி ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உள்ளூரில் இதற்காக எனக்கு நல்ல பெயர்.

இளம் டாக்டர், பெண். சேச்சியின் பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் பொறுமையாகப் படித்தார். படித்து முடித்து ஓரமாக வைத்துவிட்டு, மலையாளத்தில் நிதானமாகப் பேசினார். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை, ஆனால் சேச்சிக்குத் தொண்டை அடைக்கிறது, இரண்டுமே உண்மைதான் என்றார். இது ஒன்றும் நடிப்பில்லை என்று என்னைப் பார்த்து வேறு சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சேச்சியின் கையைப் பிடித்தார்.

"சேச்சிக்கு மனசில் எந்தெங்கிலும் விஷமமுண்டோ?"

சேச்சி எச்சில் விழுங்கினார். வாய் திறந்தது. இந்தத் தடவை 'குழப்பமில்ல' வரப்போவதில்லை என்று எனக்கே தெரிந்தது. உதடு நடுங்கியது.

நான் முந்திக்கொண்டேன்.

விஷமம் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். குறும்பு. குசும்பு. குழந்தை விஷமம் பண்ணுகிறது என்போமே, அது. அந்த டாக்டர் சேச்சியைப் பார்த்து உன் மனதில் ஏதாவது விஷமம் இருக்கிறதா என்று கேட்டது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் சேச்சியைப் பார்த்தா இப்படி ஒரு கேள்வி? அவருக்காகப் பரிந்து பேசுகிற நினைப்பில் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

"ஐயோ, விஷமமா? இவங்களுக்கா? இவங்க மனசுல விஷமமே கெடையாது டாக்டர். கொழந்த மாதிரி. ஆபீஸ்ல யார வேணா கேட்டுப் பாருங்க."

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் யார் என்று கேட்டார். மேனேஜர் என்றேன். சேச்சியும் என்னைப் பார்த்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது. "குழப்பமில்ல டாக்டரே," என்றார். டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் தனியாக வரச் சொன்னார். 'தனியாக' என்பதை இரண்டு தடவை சொன்னார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சேச்சி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பாலம் தாண்டியதும் சொன்னார்: "சார் பறஞ்சதுதான் சரி. எனக்கெந்து விஷமம்? எல்லாம் வெறுதே."

"அதான, உங்களுக்கு ஏது விஷமம்!" என்றேன் நான், உற்சாகமாக.

அடுத்த வாரம் அவர் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. ஒரு மாதத்தில், உடம்புக்கு ஆகவில்லை என்று மலையாளத்தில் நாலு வரி எழுதி, முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டு வேலையை விட்டார். பிரிவுபசாரக் கூட்டத்தில் நான்தான் பேசினேன். இத்தனை வருஷத்தில் இவரிடமிருந்து ஒரு புகார் வந்ததில்லை, இவரைப் பார்த்து நாமெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். கைதட்டினார்கள். தொண்டைக்கு இதமாக வெந்நீர் குடிப்பாரே என்று ஒரு பிளாஸ்க் வாங்கிக் கொடுத்தோம். அந்த யோசனையும் என்னுடையதுதான்.

அவர் போய் மூன்று மாதம் இருக்கும். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். வந்து ஒரு வருஷம் ஆவதற்குள் அவள் மலையாளத்தைக் கரைத்துக் குடித்திருந்தாள். பையைக் கழற்றிக்கொண்டே, "அப்பா, இன்னிக்கு எங்க மிஸ்ஸுக்கு பயங்கர விஷமம்ப்பா" என்றாள்.

"மிஸ்ஸுக்கா? அவங்க என்ன விஷமம் பண்ணாங்க?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சமையலறைக்கு ஓடினாள். "அம்மா, அப்பாவுக்கு விஷமம்னா என்னன்னே தெரியலம்மா!" திரும்பி வந்து, பெரிய மனுஷி மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள்: "விஷமம்னா சங்கடம்ப்பா. துக்கம். மிஸ்ஸோட அம்மா செத்துப் போயிட்டாங்க. மிஸ் கிளாஸ்ல உக்காந்து அழுதாங்க."

என் முகத்தில் ஈயாடவில்லை. என்னப்பா என்று மகள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அந்த ஆஸ்பத்திரி அறை, இழுத்துப் போட்ட நாற்காலி, நடுங்கிய உதடு எல்லாம் அப்படியே வந்து நின்றன. சேச்சிக்கு மனதில் ஏதாவது துக்கம் உண்டா என்று அந்த டாக்டர் கேட்டிருக்கிறார். யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்கமாட்டார்களா என்று ஒருவேளை அவர் ஆயுசு முழுக்கக் காத்திருந்திருக்கலாம். இவருக்குத் துக்கமே கிடையாது என்று நான் பதில் சொல்லியிருக்கிறேன். துக்கத்தைக் கொடுத்தவன், பக்கத்தில் நின்றுகொண்டு, சிரித்துக்கொண்டு. சேச்சி காதில் அது எப்படி விழுந்திருக்கும்? வாயைத் திறக்காதே என்று மேனேஜர் சொல்கிறார் என்றுதானே?

தெரியாமல் சொன்னது என்று ஒரு மாதம் என்னை நானே தேற்றிக்கொண்டு திரிந்தேன். வார்த்தை வேண்டுமானால் தெரியாமல் வந்திருக்கலாம். எழுபத்துநான்குதான் சொன்னேன் என்ற பொய் தெரியாமல் வரவில்லை. அது உறைத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சேச்சி வீட்டுக்குப் புறப்பட்டேன். நன்றாகக் கனிந்த பூவன்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டேன். பழம் என்றால் அவருக்கு இறங்கும். சொல்ல வேண்டியது ஒரே வரிதான். 'போன்ல நான்தான் தப்பாச் சொன்னேன் சேச்சி, உங்க காதுல ஒரு கோளாறும் இல்ல.' வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் இன்னும் சமையலறை நடையில்தான் இருந்தார். கட்டில், கட்டிலுக்கு மேலே ஒரு பலகை, பலகையில் பிளாஸ்க், இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். என்னைப் பார்த்ததும் தலைகால் புரியாமல் சாயா போட ஓடினார். சமையலறையில் ஒவ்வொரு டப்பாவிலும் லேபிள் ஒட்டியிருந்தது. உப்பு, சீனி, பரிப்பு. உப்பு டப்பாவில் மூடியில் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. தம்பி மனைவி என்னைத் தனியாகப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னார்: "உப்பு எடுக்கறதுக்கு மும்ப என்னக் கூப்பிட்டு, இது உப்புதானேன்னு கேப்பாங்க சாரே. எந்து செய்யறதுன்னே தெரியல." கேஸ் அடுப்பை அணைத்துவிட்டும் மூன்று தடவை கேட்பாராம். போனை அவர் எடுப்பதே இல்லையாம்.

"மிளகு எப்படி இருக்கு சேச்சி?" என்று கேட்டேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"வரும், போகும் சாரே. போன் அடிச்சா வரும். குழப்பமில்ல." சிரித்தார். கழுத்தெலும்பு இரண்டும் வெளியே தெரிந்தன.

சாயாவைக் குடித்தேன். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று கிளாஸைக் கீழே வைத்தேன். அவரே ஆரம்பித்தார்.

"சாரே, ஒண்ணு கேக்கட்டா? வேற ஒண்ணுமில்ல. அந்த நாப்பத்தேழு. நான்தானே தெற்றாக் கேட்டது? நினச்சு நினச்சுப் பாக்கறேன். என் செவியில நாப்பத்தேழுன்னுதான் இப்பயும் கேக்குது. சார் எழுபத்திநாலுன்னு பறஞ்சிருந்தா, பின்ன என் செவியை நான் எங்ஙன நம்பறது? அதொண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு."

தம்பி மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தம்பி முன்னறையில் பேப்பரை மடக்குகிற சத்தம் கேட்டது. சேச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருந்தால் அவர் திட்டியிருக்க மாட்டார், அதுவும் எனக்குத் தெரியும். அவருக்கு வேண்டியதெல்லாம் தன் காது திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதுதான். அதைக் கொடுக்க முடிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். வாயெடுத்தேன். மேனேஜர் சார் இப்படிச் செய்தாராமே என்று இந்த வீட்டிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து ஆபீஸுக்கும் போகுமே என்ற நினைப்பு சட்டென்று வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது அந்த நினைப்புதான்.

என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை. சேச்சி பதறிவிட்டார்.

"அய்யோ சாரே, நான் கேட்டது சாருக்கு விஷமமாயிட்டோ?"

விஷமம் என்றால் என்னவென்று இந்தத் தடவை எனக்குத் தெரிந்திருந்தது. ஒருமுறை எச்சில் விழுங்கிக்கொண்டேன்.

"குழப்பமில்ல சேச்சி," என்றேன்.